துளைக்கு ஒதுங்கிய வரி

ஜன்னல் வெயில் நூலக மேசையில் சாய்ந்து கிடக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்து மில்லுக்காரர் சீனிவாசலு, இரவல் கொண்டுபோன புத்தகத்தை நலுங்காமல் அதில் வைக்கிறார். காலமான கல்வெட்டறிஞர் ஒருவர் ஓரமெங்கும் பென்சிலால் குறிப்பெழுதிய பிரதி. அவர் போன பிறகுதான் அதில் பூச்சி விழுந்தது. “கோயில்ல மொதல் மரியாதை எங்க ஊட்டுக்குன்னு ஐயாவே எழுதி வச்சிருக்காருங்க அம்மணி. ஜெராக்ஸ்ல ஒரு சீல் குத்திக் குடுங்க, கோர்ட்டுக்கு வேணும்.” “இத்தன வருசமா எங்கண்ணுல படலீங்களே?” “உங்களுக்கு எங்கீங்க படிக்க நேரம்?” சிரிக்கிறார், சந்தன வாசனை மேசையைத் தாண்டி வருகிறது. நூலகர் அன்புக்கரசி முத்திரையைத் தொடவில்லை. பக்கத்தை வெயிலுக்குத் தூக்கிப் பிடிக்கிறாள். பூச்சித் துளைகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்குகிறது. பழைய குறிப்புகளில் ஓரெழுத்துக்குத் தலையில்லை, ஓரெழுத்துக்குக் காலில்லை. மரியாதை வரி மட்டும், சேற்றைக் கண்ட வெள்ளை வேட்டிபோல, ஒவ்வொரு துளைக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போகிறது. சீனிவாசலுவின் சிரிப்பு நின்றுவிட்டது. கை புத்தகத்துக்கு நீள்கிறது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். “ஏனுங்க, ஒரு எழுத்தக்கூடக் கடிக்காம, பூச்சியே உங்க ஊட்டுக்கு மொதல் மரியாதை குடுத்துப்போட்டுதுங்களே!”