மூணு ரூபா நம்பர்

"பதினோரு வாரம். பதினோரு தடவை. ஒரே ஆளு, ஒரே நம்பர். இன்னாய்யா இது?"

போஸ்டல் இன்ஸ்பெக்டர் தசரதன் ரிஜிஸ்தரை மேஜைமேல் போட்ட வேகத்தில் போஸ்ட் மாஸ்டர் சக்கரவர்த்தி எழுந்தே நின்றுவிட்டார்.

ஒரு மொட்டைக் கடுதாசிக்காக, சாமை மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஜீப்பில் நசுங்கி ஜவ்வாது மலை ஏறி வந்திருந்தார் தசரதன். இடுப்பு கழன்றுபோயிருந்தது. அந்தக் கடுப்பும் சேர்ந்துகொண்டது.

'வெளியூர் நம்பர் விசாரிச்சு சொல்றேன்னு எங்க ஊரு கருப்பன்கிட்ட வாராவாரம் மூணு ரூபா புடுங்கறாரு போஸ்ட் மாஸ்டர்.' கடுதாசியில் இருந்தது அவ்வளவுதான். மூணு ரூபாய் என்றால் சாமை அறுப்பில் ஒரு முழு நாள் கூலி.

"கட்டணம் டிபார்ட்மெண்டுக்குத்தான் போவுது சார். ரசீது குடுத்திருக்கேன்."

"ஒவ்வொரு டிரங்க் காலுக்கும் உனக்குக் கமிஷன் உண்டே, அது? சரி, யார் நம்பரை விசாரிச்சே?"

"வாணியம்பாடி பாஷா புளி மண்டி சார்."

தசரதன் நிமிர்ந்து பார்த்தார். டெலிபோனுக்கு நேர் மேலே ஒரு காலண்டர். பாஷா புளி மண்டி, வாணியம்பாடி. அதன் கீழே கொட்டை எழுத்தில் போன் நம்பர்.

அடப்பாவி மனுஷா. நம்பரைக் கண்ணெதிரே தொங்கவிட்டுக்கொண்டு, கீழே டவுன் எக்ஸ்சேஞ்சுக்கு டிரங்க் கால் போட்டு அதே நம்பரைக் கேட்பதற்கு ஒரு ஏழையின் காசா? தசரதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மணியார்டர் வாங்க வந்த காசி, ஊர் நாட்டாமையின் மச்சான், வேலை முடிந்தும் போகவில்லை. ஓசியில் வேடிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சரியாகப் பதினோரு மணிக்குக் கருப்பன் வந்தார். வேட்டி முடிச்சை அவிழ்த்து மூணு ரூபாயை வைத்தார்.

"பாஷா மண்டி நம்பரு கேக்கணுங்க."

சக்கரவர்த்தி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். காசியைப் பார்த்தார். பிறகு ரிசீவரை எடுத்து டிரங்க் காலைப் பதிவு பண்ணிவிட்டு வைத்தார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், மேலதிகாரி எதிரிலேயே.

தசரதன் கருப்பன் பக்கம் திரும்பினார். "பெரியவரே, போன வாரமும் இதே நம்பர்தானே கேட்டீங்க?"

"ஆமாங்க."

"மண்டிக்கு ஒரு தடவையாவது பேசினீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு நம்பர்?"

கருப்பனின் கண் காசி பக்கம் ஓடித் திரும்பியது. "மறந்து பூடுதுங்க."

காசி கெக்கெக்கே என்று சிரித்தார்.

வெள்ளந்தி மனுஷன், வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார் தசரதன். ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்துப் போஸ்ட் மாஸ்டர் முன்னால் தள்ளினார்.

"கடைசியா கேக்கறேன். ஏதாவது காரணம் இருந்தா இப்பவே சொல்லு. இல்லேன்னா, தெரிஞ்சேதான் ஏமாத்தினேன்னு எழுதிக் குடு. இன்னையோட உன் வேலைக்கு முழுக்கு."

சக்கரவர்த்தி வாயைத் திறந்தார். காசி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். போஸ்ட் மாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டார். பேனாவை எடுத்தார், நாலு வரி எழுதினார், கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"அய்யா, வேணாங்க..." என்று ஆரம்பித்த கருப்பனைச் சக்கரவர்த்தி கையமர்த்தினார்.

டெலிபோன் மணி அடித்தது.

கருப்பன் கை நீட்டுவதற்குள் தசரதன் ரிசீவரைப் பிடுங்கினார். "போஸ்டல் இன்ஸ்பெக்டர் பேசறேன். அந்த நம்பர் இங்கேயே இருக்கு. இந்தக் காலைக் கேன்சல் பண்ணும்மா."

அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், மிகவும் தணிந்து வந்தது.

"பண்ணிடாதீங்க சார். உங்க பக்கத்துல நிக்கிறது எங்கப்பா. நான் மலைக்குக் கீழ இருக்கற ஆளைக் கட்டிக்கினேன்னு நாட்டாமை கட்டுப்பாடு போட்டுட்டாரு. எங்கூட பேசினது தெரிஞ்சா வூட்டோட தள்ளி வெச்சிடுவாங்க. எக்ஸ்சேஞ்சுல நம்பர் கேட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு போஸ்ட் மாஸ்டர் சார்தான் வழி சொன்னாரு. வியாழக்கெழமை இந்த நேரத்துக்கு இங்க டூட்டில நான் ஒருத்திதான் சார். அப்பா நம்பர் கேப்பாரு, நான் சொல்வேன். வேற ஒண்ணும் பேச மாட்டோம் சார்."

எதிரே சக்கரவர்த்தி தலை குனிந்து நின்றிருந்தார். மனுஷனை என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று தசரதனுக்குக் கூசியது.

"இன்னா சார், இன்னா சொல்றாங்க?" காசி பெஞ்சைவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

தசரதன் மேஜைமேல் இருந்த பேப்பரைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரிசீவரைக் கருப்பன் கையில் கொடுத்தார்.

"அந்த மண்டி நம்பர் அடிக்கடி மாறிக்கினே இருக்காம்யா. பெரியவரே, நீங்க வாராவாரம் கேட்டுக்கறதுதான் நல்லது."