வரும்போதுதான் பாரம்

"போகும்போது காலிப் பைதாம்மா. வரும்போதுதான் பாரம்."

டேப் அக்காவின் கை அப்படியே நின்றது. மலையடிவாரத்தில் கூடாரமும் பையும் விற்கும் அந்தக் கடையில், வாங்க வருகிறவரின் முதுகை டேப் வைத்து அளக்காமல் அவள் ஒரு பையையும் கொடுத்ததில்லை. பெயரே அதனால் வந்ததுதான்.

பதினோரு வருடத்தில் எத்தனையோ முதுகுகளை அளந்துவிட்டாள். எல்லாரும் மூட்டை முடிச்சோடு மலையேறுவார்கள், கொண்டுபோனதைத் தின்று தீர்த்துவிட்டு வெறும் பையோடு இறங்குவார்கள். தலைகீழாகச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

ஐம்பது வயதிருக்கும். வந்ததும் வராததுமாக, இருப்பதிலேயே பெரிய பட்டாளத்துப் பையைக் காட்டச் சொன்னார். நூறு லிட்டர் பச்சைப் பையோடு நீலத்தில் ஒன்றையும் அவள் எடுத்துப் போட்டாள். வழி தவறினால் நீலம் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் என்று எடுத்துச் சொன்னாள்.

"கண்ணுக்குத் தெரிய வேண்டாம்மா. அடக்கமா இருந்தா போதும்" என்றார் அவர்.

கண்ணுக்குத் தெரியக் கூடாதாமே! போன மாதம் மலையிலிருந்து மான் கொம்பு கடத்திய இரண்டு பேர் பிடிபட்டார்கள். அவர்கள் முதுகில் இருந்தவை இந்தக் கடைப் பைகள். விற்ற குற்றத்துக்கு அவள் கணவரை ஸ்டேஷனில் மூன்று நாள் உட்கார வைத்தார்கள்.

இன்னொரு தடவை இந்தக் கடைப் பை மாட்டினால் கடைக்குப் பூட்டு, உன் புருஷனுக்கு ஜெயில் என்று சொல்லித்தான் இன்ஸ்பெக்டர் அவரை விட்டார். சந்தேகப்படும்படி யார் வந்தாலும் போன் செய்யச் சொல்லித் தன் நம்பரையும் கொடுத்திருந்தார்.

கணவர் இப்போது பின்னறையில் கிழிந்த கூடாரம் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளுக்குப் பிறகு வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே மனிதர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறார். அவரை மறுபடியும் அங்கே அனுப்ப அவள் தயாராக இல்லை.

முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டாள். சொல்கிற எடைக்கு மணல் பொட்டலங்களை உள்ளே போட்டு, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லிப் பார்ப்பது கடை வழக்கம். பத்துப் பன்னிரண்டு இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை என்றார்.

பன்னிரண்டு கிலோவுக்கு இவ்வளவு பெரிய பை எதற்கு? நீளமாகச் சில இருக்கின்றன, உடைந்துவிடக் கூடாது என்று பதில் வந்தது. மேலேயிருந்து போட்டுத் திணிக்கிற பை வேண்டாமாம். முழுசாகத் திறந்து, ஒவ்வொன்றாக வைக்கிற மாதிரி வேண்டுமாம்.

கொம்பேதான். சந்தேகமே இல்லை.

பன்னிரண்டு கிலோ மணலோடு பையை அவர் முதுகில் மாட்டிவிட்டாள். நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆனால் இரண்டாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. தொழிலுக்குப் புதுசு போலிருக்கிறது, அதுதான் இப்படி உதறல் என்று நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. படியில் நின்றபடியே தணிந்த குரலில் பேசினார்.

"சனிக்கிழமை கொண்டு வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை எடுத்துடலாம். வரவேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடு."

சரக்கெடுக்க ஆள் வேறு தயார். அவள் இரக்கத்தை மூட்டை கட்டி வைத்தாள். குடிக்கத் தண்ணீர் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், விஷயத்தைக் கணவர் காதில் போட்டாள்.

"நமக்கு எதுக்குடி வம்பு? பை தீர்ந்துபோச்சுன்னு சொல்லி அனுப்பிடு" என்றார் அவர்.

அனுப்பினால் அந்த ஆள் வேறு கடையில் வாங்குவார். மாட்டிக்கொண்டால் இங்கேயும் விசாரித்தேன் என்பார். இந்தக் கடைக்கு வந்தவனை ஏன் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் கணவர் சட்டையைத்தான் பிடிப்பார். அவள் போனை எடுத்து நம்பரை அழுத்தினாள்.

ஸ்டேஷனிலிருந்து ஜீப் வரப் பத்து நிமிடமாகும். இடுப்பு வாரை இறுக்கினாள், தளர்த்தினாள், தோள் வார் ஒரு விரற்கடை ஏற்றம் என்று மறுபடியும் அளந்தாள். வந்த ஆளைப் பேச்சிலேயே நிறுத்தி வைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு ஒரே அளவையே மூன்று தடவை சொன்னாள். அவர் என்னவோ, எல்லாவற்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஜீப் வந்து நின்றது. பின்னறையில் தையல் மெஷின் சத்தம் நின்றுபோனது.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்த வேகத்தில், மேலேயிருந்து எதை இறக்கப் போகிறாய் என்று அதட்டினார். பை வாங்க வந்தவர் அதைக் கழற்றிப் பதமாகத் தரையில் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் முத்திரை அதில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"எப்பக் கிடைச்சது?" என்று கேட்டபோது அந்தக் குரலில் அதட்டல் இல்லை.

"போன வாரம் சார். ஆடு மேய்க்கிறவங்க பாறை இடுக்குல பார்த்திருக்காங்க."

டேப் அக்கா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன் செய்தது யார் என்று அந்த மனிதருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்தக் கூச்சத்தையும் மீறி அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்படி என்னதாங்க சரக்கு அது?"

அவர் கோபப்படவில்லை.

"சரக்கு இல்லம்மா. ஏழு வருஷத்துக்கு முன்னாடி மலையேறப் போன என் தம்பி."