புல்லுக்குக் கீழே வாசல்

இங்கிலாந்தின் அந்தக் கிராமத்துக்கு வெளியே, ஆடுகள் மேயும் வயல் முழுக்க மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. புதைந்துபோன பழைய ஊரைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். "இந்தப் பள்ளம் தெரு. அந்தத் திட்டுகள் வீடுகள். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் ஆட்கள் போய்விட்டார்கள்."

"ஏன் போனார்கள்?" என்று இராசமலர் கேட்டாள்.

"கம்பளிக்கு நல்ல விலை இருந்த காலம். நிலப்பிரபுவுக்கு ஆடு மேய்க்க இடம் தேவைப்பட்டது."

"அப்ப போகேல்லை. கலைச்சிருக்கிறாங்கள்" என்று அவள் தமிழில் கணவனிடம் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் அவர்களை வெளியேறச் சொல்லி, வீட்டை இடித்து நிரவி முள்வேலி போட்ட இராணுவத்தினரும் அதை ஆளில்லாத காணி என்றுதான் சொன்னார்கள்.

நித்தியானந்தன் சிரித்தார். "பழைய கதையப்பா, விடும்."

அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துத் திட்டில் வாசலுக்கென்று விட்ட இடைவெளி இருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதன் வழியாக உள்ளே போனாள். நடுவில், ஒரு காலத்தில் அடுப்பெரிந்திருக்கும் இடத்தில், ஓர் ஆடு படுத்திருந்தது.

"எழும்பு! போ வெளியில!" என்று கத்தியபடி குடையால் நிலத்தில் ஓங்கி அடித்தாள். ஆடு மிரண்டு ஓடியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் அந்த ஈரப் புல்லிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

நித்தியானந்தன் ஓடி வந்து குனிந்தார். "இஞ்சரும், எழும்பும். எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். எழும்பச் சொன்ன உடன ஒருக்கா எழும்பி வந்தனாங்கள்தானே."