மூன்று பேருக்கு ஒரே தொண்டை

"கட்டின புருஷனையே ஏமாத்துறியே, உனக்கே நல்லாருக்கா ரோஸு?"

கேட்டாள் கமருன்னிஸா. திருத்துறைப்பூண்டியில் அவள் நடத்தும் ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ரோஸ்லின் போனையே முறைத்தபடி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.

வினை, அவள் கணவன் ஜெரால்ட் ஆரம்பித்த இணையதளத்தில் இருந்தது. குவைத்துக்குப் போன புதிதில், டெல்டாக்காரர்கள் கூடிப் பேசட்டும் என்று ஆசையாசையாய்த் தொடங்கினான். 'யாராவது இருக்கீங்களா?' என்று அவன் போட்ட முதல் பதிவு, அறுத்த வயலில் ஒற்றைக் கொக்கு மாதிரி நின்றது. ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

ரோஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. பொய்ப்பெயரில் உள்ளே நுழைந்தாள். 'இருக்கேன் தம்பி. மிராசு சாரங்கபாணி. வயசு எழுபது.'

மனுஷன் துள்ளிக் குதித்து எழுதிய பதிலைப் பார்த்ததும் இட்லிக்கடை ராசம்மாள் பிறந்தாள். பின்னாலேயே வம்பிழுக்கும் வாலிபன் இளையபெருமாள். இந்த மூவரும் போட்ட சண்டையை வேடிக்கை பார்க்க நிஜ ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. போன வாரம் ஜெரால்ட் அறிவிப்பு போட்டான்.

'சூப்பர், அருமை என்று ஒப்புக்கு எழுதுகிறவர்களுக்கு இனி புள்ளி கிடையாது. மனசுவிட்டுப் பேசுகிறவர்களுக்கு மட்டும் கதிர் பட்டம். முதலில் பெறப்போவது சாரங்கபாணி, ராசம்மாள், இளையபெருமாள். மூவரும் வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் ப்ரவுசிங் சென்டருக்கு வந்துவிடுங்கள். போனில் பேசிச் சரிபார்ப்பேன். ஒரு பொய் ஆள் இருந்தாலும் தளத்தையே இழுத்து மூடிவிடுவேன்.'

"மூடினா மூடட்டுமே. பேசாம உண்மையச் சொல்லிடு" என்றாள் கமருன்னிஸா.

"வேணாங்க்கா. அங்க அவருக்குப் பேச்சுத்துணையே அதுதான். இத்தனை நாளும் பொய்யின்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு."

போன் அடித்தது. 'வேளாங்கண்ணி மாதாவே!' என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ரோஸ்லின் எடுத்தாள்.

"யாருப்பா அது? சத்தமாப் பேசு, காது மந்தம்!"

கமருன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுபது வயது மிராசு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஜெரால்ட் பேசுறேன். ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"மேட்டூர்ல தொறந்துட்டான். கடைமடைக்கு வந்தாத்தானே தண்ணி? வாய்க்கால் பூரா ஆகாயத்தாமரை. நாத்தாங்கால் வாயப் பொளந்துகிட்டுக் கிடக்கு!"

"ஐயா, உங்க பக்கத்துத் தெருதான் எங்க வீடு. ரோஸ்லின்னு என் சம்சாரம். பார்த்திருக்கீங்களா?"

ரோஸ்லின் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு சமாளித்தாள். "பாத்தேனே. துரும்பா இளைச்சுப் போயிருக்கு."

"என்கிட்ட நல்லாருக்கேன்னுதானேங்கய்யா சொல்லுது?"

"போடா கிறுக்கா! மாமியா பக்கத்துல நின்னு வாயவே பாத்துகிட்டிருந்தா, வேற என்னத்தச் சொல்லும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. ராசம்மாக்கா வந்திருந்தாக் குடுங்க."

ரோஸ்லின் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அடுத்த நொடி குரல் கணீரென்று எகிறியது.

"என்னா தம்பி! ஒட்டகப்பாலுல டீ குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா. எங்க ரோஸ்லின் உங்க கடைப்பக்கம் வருமா?"

"வரும் வரும். அதுக்கு ஒரு கொறை இருக்கு, உனக்குத் தெரியுமா? டீச்சர் படிப்புப் படிச்ச பொண்ணு. சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல வேலைக்குக் கூப்புடுறாங்களாம். வீட்ல வாயத் தொறக்க பயப்படுது."

"போகச் சொல்லுங்கக்கா. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நெசமாவா?"

கேட்டது ராசம்மாள் இல்லை. குரல் தழுதழுத்து, பாதியிலேயே கழன்று விழுந்துவிட்டது. ரோஸ்லின் பதறிப்போய் இருமினாள், செருமினாள், இளையபெருமாளுக்காகக் குரலைக் கட்டையாக்கிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கமருன்னிஸா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"போதும் ரோஸு" என்றான் ஜெரால்ட் மறுமுனையில். " தொண்டைய அறுத்துக்காத. இளையபெருமாளுக்கும் கதிர் பட்டம் போட்டாச்சு."

"என்னங்க... உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே. மூணு பேரும் கமருன்னிஸாக்கா கடையில நீ உக்கார்ற அதே கம்ப்யூட்டர்லேருந்துதானே வர்றாங்க? தளத்த நடத்துறவனுக்கு அது தெரியாதா?"

"கோவமில்லியா? தளத்த மூடிடுவீங்களா?"

"மூடுறதா? அதுல மனசுவிட்டுப் பேசுற ஆளே நீ ஒருத்திதான்!"

தலையிலிருந்து நெல்மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது ரோஸ்லினுக்கு. அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. கூடவே கோபமும்.

"தெரிஞ்சுகிட்டே எதுக்குங்க போன்ல சரிபார்க்கிறேன்னு என் உசிர வாங்குனீங்க? பேசணும்னா வீட்டு நம்பருக்கு அடிக்க வேண்டியதுதானே?"

"அடிச்சுப் பார்த்தேனே ரோஸு. அங்க யாரோ ஒருத்தி 'நல்லாருக்கேங்க, சாப்பிட்டீங்களா'ன்னு உன் குரல்ல மிமிக்ரி பண்றா!"