ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த புத்தகங்கள்

ஒடெட் பாமரின் ஏழாம் வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். வாசித்துக் கலந்து பேச எடுத்த நாவலிலோ இருந்தது ஐந்து பிரதிதான். வாங்கித் தர வழியில்லை என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். அவள் உள்ளூர்ப் பத்திரிகையில் உதவி கேட்டு எழுதிய மறுவாரம், ஒருவர் இரண்டு பெட்டிகளுடன் வகுப்பறைக்கு வந்தார்.

"முப்பது இருக்கு டீச்சர். நீங்க கேட்ட அதே நாவல்."

ஒடெட் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள வசதியான பள்ளியின் முத்திரை. அதன்மேல் 'நீக்கப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"புதுசாவே இருக்கே. எதுக்கு நீக்கினாங்க?"

"பிள்ளைங்க படிக்கக் கூடாததுன்னு ஒரு அப்பா புகார் எழுதிட்டாரு. பழைய பேப்பருக்குப் போக இருந்துச்சு, நான் கேட்டு வாங்கிட்டேன்."

"அந்த மனுஷன் இதைப் படிச்சாவது பார்த்தாரா?"

"அப்ப ஒரு பக்கம்தான் பார்த்தாரு. புத்தகத்தை நீக்கின அன்னையிலிருந்து அவர் பொண்ணு அவரோட பேசறதில்ல. போன வாரம்தான் முழுசாப் படிச்சாரு."

"அவர் பேரு தெரியுமா? நாலு வரி எழுதணும் அவருக்கு."

"வெண்டெல் கிரெய்க்."

ஒடெட் குறித்துக்கொண்டாள். "உங்க பேரு? பிள்ளைங்க நன்றிக் கடிதம் எழுதுவாங்க."

"அதே பேருதான் டீச்சர்."

ஒடெட் பேனாவைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை பிள்ளைங்க இதைப் பத்திப் பேசறாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

"வருவாளான்னு தெரியல. கேட்டுப் பார்க்கிறேன்."

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள்.