சிவப்புத் தலைத் தடி

நெடுங்கேணிக் காட்டோரத்தில் இருந்த மிதிவெடி அகற்றுவோர் முகாமுக்கு றஞ்சனி அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். பொழுதுபட்டதும் டோர்ச் லைற்றோடு தயங்கி நின்றாள்.

"கக்கூசு எந்தப் பக்கம் அண்ணை?"

"நேரை போங்கோ," என்றார் மேற்பார்வையாளர் மரியநேசன். "சிவப்புத் தலைத் தடியள் வரிசையாய் நட்டிருக்கு. அது கண்ணிலை படுறவரைக்கும் பயமில்லாமல் நடக்கலாம். தடிக்குக் கிட்டப் போனதும் இடப்பக்கம் திரும்புங்கோ. தடிக்கு அங்காலை மட்டும் கால் வைக்கக்கூடாது. அங்கை இன்னும் வெடி எடுக்கேல்லை."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னபடியே போறன்."

அவள் போனதும் மரியநேசன் குசினிக்குள் வந்தார். விடாத மழைக்குப் பிறகும் அடுப்பு நன்றாக எரிந்தது. சமையல்காரர் செல்வநாயகம் தேத்தண்ணியை நீட்டினார்.

"விறகெல்லாம் ஈரமெண்டெல்லோ காலமை சொன்னனீங்கள்?"

"வெடி எடுத்து முடிஞ்ச பக்கத்துத் தடியள் குசினிக்குத்தானே வாறது. பின்னேரம் நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தனான். மேலாலைதான் ஈரம், உள்ளுக்குக் காய்ஞ்ச தடியள்."

"எந்தப் பக்கம்?"

"கக்கூசுப் பக்கம். அது முடிஞ்சுதுதானே?"

மரியநேசன் அடுப்பைப் பார்த்தார். ஒரு தடியின் நுனியில் சிவப்புப் பெயின்ற் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெளியே இருட்டுக்குள், வெகு தூரத்தில், றஞ்சனியின் குரல் கேட்டது.

"அண்ணை, தடியை இன்னும் காணேல்லை. நடந்துகொண்டுதான் இருக்கிறன்."