நாற்பது செகண்டு

“உன் கேபிளும் வேணாம், உன் சங்காத்தமும் வேணாம். இந்தா, பாக்ஸைப் புடி!”

போன மாசம் டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க, கேபிள்காரர் பச்சமுத்துவின் கையில் செட்டாப் பாக்ஸைத் திணித்துவிட்டு வந்தார் தனகோடி.

பின்னே என்ன? மரக்காணத்து உப்புக் காற்றில் ஒயரெல்லாம் துருப்பிடித்து, வாரத்தில் மூன்று நாள் டிவியில் வருகிற முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். மகள் சத்யப்ரியாதான் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலிலிருந்து வழி சொன்னாள்.

“வைஃபை போட்டு லைவ் ஸ்ட்ரீமிங்ல பாருப்பா. கண்ணாடியாட்டம் தெரியும்.”

தெரிந்தது. ஆனால் பச்சமுத்து எதிர்வீட்டுக்காரர். அன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தெருவில் போனார்.

இன்று சத்யப்ரியாவுக்குக் கபடி ஃபைனல். முதல்முறையாக டிவியில் காட்டுகிறார்கள். உப்பளத்திலிருந்து மத்தியானமே வந்துவிட்ட தனகோடி, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மகள் அங்கிருந்து தன்னைப் பார்த்துவிடுவாள் என்று நினைப்பு.

மகள் முதல் ரைடுக்கு இன்னும் கிளம்பவே இல்லை.

“ஏஏஏய்! பாயின்ட்டு!” எதிர்வீட்டில் ஓடு பறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, இங்கே டிவியில் சத்யப்ரியா போனாள், தொட்டாள், திரும்பினாள். பாயின்ட்!

தனகோடியின் மனைவி பாப்பாத்திக்குத் தலை சுற்றியது. “இன்னாங்க இது! நம்ம பொண்ணு தொடறதுக்கு முன்னாடியே அவங்க கத்தறாங்க?”

இரண்டாவது பாயின்டும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. நான்காவதற்குப் பாப்பாத்தி தேறிவிட்டாள். எதிர்வீட்டில் சத்தம் கேட்டதும், “பாயின்ட்டு வருது, பாயின்ட்டு வருது” என்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தனகோடிக்குத்தான் வயிறு எரிந்தது. இடைவேளை விட்டதும் தெருவுக்கே போய்விட்டார்.

“ஏம்பா பச்சமுத்து! எம்பொண்ணு ஆட்டத்தை எனக்கு முன்னாடி நீ கூவி விக்கிறியா?”

பச்சமுத்து வாசலில் வந்து நின்றார். வாயெல்லாம் பல்.

“நான் இன்னாண்ணா பண்றது? கேபிளு முன்னாடி வருது. உன் நெட்டு நாப்பது செகண்டு கழிச்சித்தான் வருது. கண்ணாடியாட்டம் தெரியுதுன்னு டீக்கடையில சொன்னியே, நல்லாப் பாரு!”

உள்ளே அவர் வீட்டுக் கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இரண்டாம் பாதியில் சத்தம் இரட்டிப்பானது. இப்போது தட்டு வேறு தட்டினார்கள். மகள் ஆடுவதைப் பார்க்கிறோமா, ஆடி முடித்த செய்தியைப் பார்க்கிறோமா என்று தனகோடிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மனுஷனுக்குக் கோபம் இருக்கலாம், இவ்வளவு ஆகாது.

கடைசி ரைடு. எதிரணி முப்பத்திரண்டு, நம் பெண்கள் முப்பத்தொன்று. போகப்போவது சத்யப்ரியா. இரண்டு பேரைத் தொட்டால் கோப்பை.

தனகோடி டிவியை விட்டுவிட்டுக் காதைத் தெருப்பக்கம் தீட்டினார். கத்துவார்கள். இதோ கத்துவார்கள்.

கத்தவில்லை.

கேபிளில் இந்நேரம் ரைடே முடிந்திருக்கும். எதிர்வீட்டில் மூச்சுக் காற்றுகூட இல்லை.

“போச்சு பாப்பாத்தி. நம்ம பொண்ணு தோத்துட்டா.”

ரிமோட்டை எடுத்தார். பாப்பாத்தி பாய்ந்து பிடித்தாள்.

“இன்னும் அவ கோட்டையே தாண்டலய்யா! அதுக்குள்ள அணைக்கிறியே!”

“அவ அழுவறத என்னால பாக்க முடியாது. விடு!”

“விட மாட்டேன்!”

ரிமோட்டுக்கு இருவரும் கபடி ஆடிக்கொண்டிருந்தபோதே, டிவியில் சத்யப்ரியா உள்ளே போனாள். ஒருத்தியைத் தொட்டாள். இன்னொருத்தி பாய்ந்து இவள் காலைப் பிடித்தாள். அவளையும் இழுத்துக்கொண்டு, மண்ணில் விழுந்து, கையை நீட்டி, நடுக்கோட்டைத் தொட்டாள்!

ரிமோட் எங்கே போய் விழுந்ததோ தெரியாது. பாப்பாத்தியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் கத்தினார் தனகோடி.

“எம்பொண்ணு ஜெயிச்சிட்டாடா!”

அடுத்த நிமிஷமே எதிர்வீட்டு ஞாபகம் வந்தது. பாயின்ட்டுக்குப் பாயின்ட்டு கூவினவனுக்கு, ஜெயித்ததும் வாயடைத்துவிட்டதா? கேட்டே தீருவது என்று தெருவைத் தாண்டி, அந்த வீட்டுக் கதவைத் தள்ளினார்.

பச்சமுத்து வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பெண்டாட்டி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் பத்துப் பேரும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

பச்சமுத்து துண்டை உருவினார்.

“முழுசாப் பாத்துட்டியாண்ணா?”

தனகோடி தலையை ஆட்டினார். அவ்வளவுதான், வீடே வெடித்தது. தட்டு, தாம்பாளம், விசில், ஆட்டம்!

அந்த அமளியில் தனகோடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பச்சமுத்து சொன்னார்:

“மத்த பாயின்ட்டுக்கெல்லாம் உன்ன வெறுப்பேத்தத்தான் கத்தினோம்ண்ணா. பொண்ணு ஜெயிச்சத மட்டும், பெத்தவன் பாக்கறதுக்கு முன்னாடி ஊரு கொண்டாடலாமா?”